புத்தகம் கொடுத்தும் மார்க் ஏறாத பள்ளிகள்

ஏழை நாட்டுத் தொடக்கப் பள்ளிகளைப் பற்றிப் பேச்சு வந்தால் புத்தகம் இல்லை, வாத்தியார் இல்லை என்றுதான் தொடங்குவோம். கென்யாவின் மேற்கு எல்லையில் இருக்கும் புசியா பகுதியில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். பின்னாளில், 2019ல், பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மைக்கேல் கிரெமரும் அதில் ஒருவர்.

1996ல் 100 பள்ளிகளில் 25க்குப் பாடப்புத்தகங்கள் கொடுத்தார்கள். சராசரி மார்க் அசையவில்லை. ஏற்கெனவே நன்றாகப் படித்த பிள்ளைகளுக்கு மட்டும் கூடியது. புத்தகம் இருந்தது ஆங்கிலத்தில். அங்கே பல பிள்ளைகளுக்குத் தாய்மொழி, சுவாஹிலி இரண்டுக்கும் அடுத்து மூன்றாவதாக வருவது ஆங்கிலம். வாசிக்கவே முடியாத பிள்ளைக்குப் புத்தகம் வெறும் சுமை.

பிறகு குடற்புழு மாத்திரை, 75 பள்ளிகளில். பிள்ளைகள் பள்ளிக்கு வராமல் போவது கால்பங்கு குறைந்தது. மார்க்கோ ஏறவில்லை. (இதை வைத்து மாத்திரை வீண் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வருகை கூடுவதே பெரிய விஷயம்.)

சரி, ஆசிரியர்? 2005ல், மேற்கு கென்யாவின் வேறு பகுதிப் பள்ளிகளில், ஒன்றாம் வகுப்புக்குக் கூடுதலாக ஒரு ஒப்பந்த ஆசிரியரைப் போட்டார்கள். எண்பதுக்கு மேல் நெரிந்த வகுப்பு ஏறக்குறையப் பாதியானது. நிரந்தர ஆசிரியரிடம் படித்த பிள்ளைகளுக்குச் சொல்லும்படியான முன்னேற்றம் இல்லை: கூட ஒரு ஆள் வந்ததும் நிரந்தர ஆசிரியர்கள் வகுப்பில் இருப்பது குறைந்துவிட்டது. ஒப்பந்த ஆசிரியரிடம் படித்தவர்கள் முன்னேறினார்கள்.

அதே ஆய்வில் 121 பள்ளிகள். ஏறத்தாழப் பாதியில் இரண்டு பிரிவுகளையும் குலுக்கல் முறையில் நிரப்பினார்கள். மீதியில் ஆரம்ப மார்க்கை வைத்து மேல்பாதி, கீழ்பாதி என்று பிரித்தார்கள். அப்படிப் பிரித்த பள்ளிகளில் இரு பாதியினருமே கூடுதலாகத் தேறினார்கள். கீழ்ப்பிரிவு கெட்டுப்போகும் என்ற பயம் அங்கே பலிக்கவில்லை. என் கணிப்பில் காரணம் எளிது. பாடத்திட்டத்தை முடிக்க ஓடும் ஆசிரியர் முன்வரிசையைப் பார்த்துத்தான் பாடம் நடத்துவார். வகுப்பு ஒரே நிலையில் இருந்தால் எங்கே தொடங்குவது என்று அவருக்குத் தெரியும்.

பள்ளிகளை ஒப்பிட நினைப்பவர்கள் கட்டடத்தை விட்டுவிட்டு, நான்காம் வகுப்பில் பத்துப் பேரிடம் இரண்டாம் வகுப்புப் பாடத்தில் ஒரு பத்தியைத் தனித்தனியே வாசிக்கச் சொல்லுங்கள். எழுத்துக்கூட்டுபவர், சொல் மட்டும் வாசிப்பவர், பத்தி வாசிப்பவர் என்று எண்ணிக்கொள்ளுங்கள். வகுப்புக்கு ஒரே பிரிவுள்ள சின்னப் பள்ளி என்றால் தினம் ஒரு மணி நேரம் 3, 4, 5ஆம் வகுப்புகளைக் கலைத்து, இந்த நிலைப்படி உட்காரவைக்கலாம். இந்தியாவில் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு வளர்த்தெடுத்த முறை இது.