பைன் ரிட்ஜ் கடைக்காரர்கள்

இரவில் விளக்கை அணைத்துவிட்டு 'லம் அண்ட் ஏப்னர்' என்ற பழைய அமெரிக்க வானொலி நகைச்சுவைத் தொடரைக் கேட்கிறேன். முதலில் தொலைபேசி மணி. ஊருக்கெல்லாம் பொதுவான ஒரே இணைப்பு. மணி ஒலிக்கும் விதத்தை வைத்துத்தான் அழைப்பு யாருக்கென்று தெரியும். கடைக்காரர்களான லம்மும் ஏப்னரும் எடுத்துப் பேசுவதற்குள் நான் பைன் ரிட்ஜ் என்ற அவர்களுடைய கற்பனை அர்கான்சா மலையூருக்குப் போய்விடுகிறேன்.

1931இல் லம்மாகவும் ஏப்னராகவும் வானொலிக்கு வந்த செஸ்டர் லாக்கும் நோரிஸ் காஃபும் அதே அர்கான்சாவில் மீனா என்ற ஊரில் வளர்ந்தவர்கள். லம் பெரிதாகத் திட்டம் போடுவார். வெள்ளந்தியான ஏப்னர் கூடவே போய் மாட்டிக்கொள்வார். தாத்தா ஸ்பியர்ஸ், தந்திரக்காரர் ஸ்கிம்ப் என்று அக்கம்பக்கத்தாரின் குரல்களையும் லாக், காஃப் இருவரே பேசினார்கள். கண்ணை மூடினால் கடை நிறைய ஆட்கள்! என்ன உழைப்பு அது!

மீனாவுக்குப் பக்கத்திலிருந்த வாட்டர்ஸ் என்ற நிஜமான ஊர், 1936இல் தன் பெயரையே பைன் ரிட்ஜ் என்று மாற்றிக்கொண்டது.