மாமியாரும் மெர்க்குரியின் சுரைக்காயும்

மாமனார் மாமியாரை அழைத்துக்கொண்டு ஐரோப்பிய ஓவியங்களைப் பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது ஒன்றுதான்: அந்த ஓவியங்களைப் பற்றி முன்னாடியே எதையும் தெரிந்து வைத்துக்கொள்ளாதீர்கள். தெரியாதவர்களுக்கு அது பால் ஊற்றும் பெண், சிப்பி சாப்பிடும் பெண், காலுறை போடும் பெண். தெரிந்தவர்களுக்கு வியர்த்துக் கொட்டும்.

என்னைக் கெடுத்தது கூட வேலை பார்க்கும் ஒரு டச்சுக்காரம்மா. ஹேக் நகரத்து மௌரிட்ஷூய்ஸ் அருங்காட்சியகத்தில் டச்சு ஓவியர் யான் ஸ்டேன் 1660 வாக்கில் வரைந்த குட்டிப் படம் ஒன்று இருக்கிறது. உயரம் 20 சென்டிமீட்டர், அகலம் 15 கூட வராது. ஓரத்தில் வெள்ளை ரோமம் வைத்த சட்டை போட்ட ஒரு பெண், ஒரு சிப்பியின் மேல் உப்பைத் தூவிக்கொண்டே நம்மை நேராகப் பார்க்கிறாள். பாவம், பசி போல என்று நினைத்தேன். "பின்னாடி திரை போட்டிருக்கே, அது என்ன?" என்று கேட்டார் அந்தம்மா. கட்டில். "இப்ப மறுபடியும் அவ முகத்தைப் பாரு" என்றார். பார்த்தேன். சிப்பி அந்தக் காலத்தில் ஆசையைக் கிளப்பும் தீனி என்று பேர் வாங்கியது. அதற்கு மேல் எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அப்புறம் வரிசையாக வந்தன. கூண்டைத் திறந்து பறவை பறந்துபோனால் கன்னிமை போய்விட்டது என்று அர்த்தம். ஒருவன் செத்த கோழியையோ வாத்தையோ ஒரு பெண்ணிடம் நீட்டினால் அவன் கோழி வியாபாரம் மட்டும் பேசவில்லை. 1960களின் கடைசியில் எடி டி யோங் என்ற கலை வரலாற்றாளர் இந்தப் பறவைகளுக்காகவே ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். எல்லாவற்றிலும் ஒளிந்த பொருள் தேடாதீர்கள், சில சமயம் கோழி கோழிதான் என்று எதிர்த்தவர்களும் உண்டு. எனக்கு அவர்கள் கட்சியில் சேரத்தான் ஆசை. ஆனால் ஒரு தடவை கண் திறந்துவிட்டால் மூட வராது.

இந்த நிலைமையில்தான் ஊரிலிருந்து மாமாவும் அத்தையும் வந்து இறங்கினார்கள். மாமா ஓய்வு பெற்ற தமிழாசிரியர். அத்தைக்கு மன்னார்குடி வீட்டுக் கொல்லைதான் உலகம். சுரைப்பந்தல், அவரைப்பந்தல், கத்தரிப் பாத்தி. என் கணவருக்கு அருங்காட்சியகம் போகும் நாளில் மட்டும் தவறாமல் ஆபீஸ் கால் வந்துவிடும். ஆகவே நான்தான் வழிகாட்டி.

ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியத்தில் முதலில் இன்னொரு டச்சு ஓவியரான வெர்மீரின் பால்காரியிடம் கூட்டிப்போனேன். பத்திரமான படம் என்றுதான் நினைத்தேன். அத்தை அந்தப் பாலையே பார்த்துக்கொண்டு நின்றார். "எவ்வளவு நேரமா ஊத்தறா பாரு, ஒரு சொட்டு சிந்தலை" என்றார். என் கண்ணோ படத்தின் கீழ் ஓரத்தில். அங்கே தரையில் கால் சூடேற்றும் கணப்புப் பெட்டி ஒன்று கிடக்கிறது. பாவாடைக்கு அடியில் வைத்துக்கொள்வது. அதனாலேயே காதல் சூட்டுக்கும் அதுதான் அடையாளம். அதன் பக்கத்துச் சுவர் ஓட்டில் வில்லும் கையுமாக ஒரு குட்டி க்யூபிட். ரோமானியர்களின் மன்மதன். அத்தை, "அந்த ஓட்டுல என்னமோ பொம்மை இருக்கே" என்று குனிந்தார். "குழந்தை விளையாடுது அத்தை" என்றேன்.

வெர்மீர் விஷயத்தில் இப்படி மறைத்த முதல் ஆள் நான் இல்லை என்பதில் ஒரு ஆறுதல். ஜெர்மனியின் டிரெஸ்டனில், ஜன்னலோரம் நின்று கடிதம் படிக்கும் பெண்ணின் படம் ஒன்று இருக்கிறது. அவளுக்குப் பின்னால் வெறும் சுவர் என்றுதான் ரொம்பக் காலம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 1979-இல் எக்ஸ்ரே எடுத்தபோது சுவருக்குள் ஆளுயர க்யூபிட் ஒளிந்திருந்தது தெரிந்தது. வெர்மீரே மனம் மாறி அழித்திருப்பார் என்று பேசிக்கொண்டார்கள். பிறகு சாயத்தைச் சோதித்ததில் க்யூபிட்டுக்கும் மேல்பூச்சுக்கும் நடுவில் பழைய வார்னிஷும் அழுக்கும் படிந்திருந்தன. அதாவது அவர் இறந்த பிறகு வேறு யாரோ சுவரோடு சுவராகப் பூசிவிட்டிருக்கிறார்கள். மெல்லச் சுரண்டி எடுத்து 2021-இல்தான் க்யூபிட்டை வெளியே விட்டார்கள். பூசியது யார் என்று தெரியாது. வீட்டுக்கு மாமியார் வந்திருப்பார் என்பது என் ஊகம்.

அடுத்து யான் ஸ்டேன் வரைந்த, கட்டிலில் உட்கார்ந்து சிவப்புக் காலுறையோடு மல்லுக்கட்டும் பெண். போடுகிறாளா, கழற்றுகிறாளா என்பதுதான் கேள்வியே. நான் வேகமாக நகரப் பார்த்தேன். அத்தை நின்றுவிட்டார். எனக்கு நெஞ்சு படபடத்தது. "தலையணை மேல நாய் படுத்திருக்கு! அதைத் துரத்தாம சாக்ஸ் போட்டுட்டிருக்கா. கீழ பாரு, மூத்திரச் சட்டி. என்ன குடித்தனமோ!" அவருக்கு அந்தப் பெண்ணின் ஒழுக்கத்தைவிட வீட்டின் சுத்தம்தான் பெரிய பிரச்சினை. ஸ்டேன் மதுக்கடை நடத்தியவர் என்று சொன்னேன். "அதான்" என்றார்.

மாமா கெரார்ட் டெர் போர்க்கின் ஓவியம் ஒன்றின் முன்னால் நின்றிருந்தார். 1654 வாக்கில் வரைந்தது. பளபளக்கும் வெள்ளிச் சாட்டின் கவுனில் ஒரு இளம்பெண் முதுகைக் காட்டி நிற்கிறாள். எதிரே உட்கார்ந்த ராணுவக்காரன் கையைத் தூக்கி ஏதோ சொல்கிறான். நடுவில் ஒரு அம்மாள் ஒயின் குடிக்கிறாள். "அப்பா பொண்ணுக்குப் புத்தி சொல்றார். அவ தலை குனிஞ்சு கேட்டுக்கறா. அம்மா குறுக்க பேசாம இருக்கா. என்ன ஒரு பண்பு!" என்று மாமா உருகினார்.

இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்றால், 1809-இல் ஜெர்மன் எழுத்தாளர் கெதேயும் இதையேதான் எழுதினார். இந்த ஓவியத்தை வைத்து 18ஆம் நூற்றாண்டில் ஒரு அச்சுப்படம் போட்டு, அதற்கு 'தந்தையின் அறிவுரை' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். அதைப் பார்த்த கெதே, தன் நாவலில் மகளைக் கண்டிக்கும் கண்ணியமான தந்தை, தர்மசங்கடத்தை மறைக்க ஒயின் கோப்பைக்குள் பார்க்கும் தாய் என்று வர்ணித்தார். உண்மையில் அந்த 'அப்பா'வுக்கு மகளைப் பெற்றிருக்கும் வயசே இல்லை. பின்னால் பெரிய சிவப்புக் கட்டில் வேறு. அவன் மாப்பிள்ளை கேட்டு வந்தவனா, விலை பேச வந்தவனா, விரல்களுக்கு நடுவே நாணயம் இருந்ததா இல்லையா என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். நான் மாமாவிடம், "கெதேயும் இப்படித்தான் சொன்னார் மாமா" என்றேன். பொய் இல்லை. அன்று முழுக்க அவர் நடையே வேறு மாதிரி இருந்தது.

ஐரோப்பாவை விட்டு ஆசியப் பக்கம் ஒதுங்கினால் தப்பிக்கலாம் என்று பார்த்தால் அங்கேயும் விடவில்லை. ஆம்ஸ்டர்டாமின் சீனக் கடைத்தெருவான ஸேடைக்கில் அத்தை ஒரு ஜோடி தலையணை உறை எடுத்தார். சிவப்புப் பட்டு, தாமரைக் குளம், அதில் இரண்டு வாத்து, தண்ணீருக்குள் மீன். கடைக்கார அம்மாள் முகமெல்லாம் சிரிப்பாக, "கல்யாணம் யாருக்கு?" என்று என்னைக் கேட்டார். எனக்குப் புரிந்துவிட்டது. அந்த வாத்துகள் மாண்டரின் ஜோடி. சீனத்தில் மணமக்களின் படுக்கைக்கு அதைத்தான் காலங்காலமாகப் பின்னுகிறார்கள். வெடித்த மாதுளை இருந்தால் நிறையப் பிள்ளை பெறு என்று அர்த்தம். தாமரைக்குள் மீன் புகுந்து விளையாடினால் தாமரை பெண், மீன் ஆண். நான் யோசிப்பதற்குள் அத்தை, "எங்களுக்குத்தான்னு சொல்லு" என்றார். சொன்னேன். கடைக்கார அம்மாள் மாமாவை ஒரு மரியாதையோடு பார்த்துவிட்டு விலையில் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தார்.

டிராமில் உட்கார்ந்ததும் மாமா விடவில்லை. "அந்தம்மா ஏன்மா அப்படிப் பார்த்தாங்க?" வாத்தை மட்டும் சொல்லி நிறுத்தப் பார்த்தேன், தோண்டித் துருவி மீனையும் வாங்கிவிட்டார். போகிற போக்கில் மேகமும் மழையும் கூட வந்துவிட்டது. சூ நாட்டு அரசன் கனவில் வூ மலைத் தேவதை வந்து, "காலையில் நான் மேகம், மாலையில் மழை" என்று சொல்லிவிட்டுப் போனாளாம். அதிலிருந்து சீன இலக்கியத்தில் இரண்டு பேருக்கு நடுவே மேகம் கூடி மழை பெய்தால் அது வானிலை அறிக்கை இல்லை.

மாமா கோபப்படுவார் என்று பயந்தேன். அவர் தொடையில் தட்டினார். "அட, இது உள்ளுறைம்மா! நம்ம மருதத்திணை!" டிராமில் நாலு பேர் திரும்பிப் பார்க்க, அகநானூற்று எருமையைக் கட்டவிழ்த்துவிட்டார். ராத்திரியில் ஊர் தூங்கும்போது கயிற்றை அறுத்துக்கொண்டு, முள்வேலியைக் கொம்பால் நகர்த்தி, குளத்தில் இறங்கி, மீன்கள் சிதறி ஓட, வள்ளைக் கொடியைக் கலக்கி, வண்டு மொய்க்கும் தாமரையைத் தின்கிற எருமை. பரத்தை வீட்டுக்குப் போய்வந்த தலைவனை வீட்டு வாசலில் நிறுத்தித் தோழி சொல்வது. ஒரு வார்த்தை அசிங்கமாக இல்லை. ஆனால் அவன் முகத்தில் எப்படி அறைகிறாள் பாருங்கள்.

"இதை வகுப்புல எப்படி மாமா நடத்துவீங்க?"

"எருமை தாமரையைத் தின்றது. அடுத்த பாட்டு."

இந்தத் தைரியத்தில்தான் ரோமில் வில்லா ஃபார்னெஸினாவைத் திட்டத்தில் சேர்த்தேன். டிரஸ்டெவெரே பகுதியில், டைபர் ஆற்றோரம் இருக்கும் மாளிகை. கட்டியவர் அகோஸ்தினோ கீஜி, போப்புகளுக்கே கடன் கொடுத்த சியேனாக்காரர். விருந்து முடிந்ததும் வெள்ளித் தட்டுகளை ஆற்றில் வீசச் சொல்வாராம், விருந்தாளிகள் வாய் பிளப்பார்களாம். தண்ணீருக்கடியில் முன்கூட்டியே வலை கட்டியிருக்குமாம். இதைக் கேட்ட அத்தைக்கு கீஜியை ரொம்பப் பிடித்துவிட்டது.

அங்கே தோட்டத்தைப் பார்த்த தாழ்வாரக் கூரையில் க்யூபிட், சைக்கி காதல் கதை. 1517, 1518 வாக்கில் ரஃபேலும் அவர் சீடர்களும் வரைந்தது. ரஃபேல் அப்போது ஒரு பெண்ணின் மேல் பித்தாகி வேலையைப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தாராம். கீஜி அந்தப் பெண்ணையே மாளிகையில் கொண்டுவந்து தங்கவைத்துத்தான் வேலையை முடித்தார் என்று, அந்தக் கால ஓவியர்களின் வாழ்க்கைக் கதைகளை எழுதிய வசாரி சொல்லியிருக்கிறார். கீஜி மட்டும் லேசா? பிள்ளைகள் பெற்ற பிறகு 1519-இல்தான் தன் காதலியைக் கல்யாணம் செய்துகொண்டார், அதுவும் போப் பத்தாம் லியோ முன்னிலையில்.

கதையைச் சுற்றி, கூரை முழுக்கத் தோரணம். ஜொவான்னி டா உதினே கைவண்ணம். 160-க்கும் மேற்பட்ட செடி கொடிகளை அதில் அடையாளம் கண்டிருக்கிறார்கள். கொலம்பஸ் அமெரிக்கா போய் இருபத்தைந்து வருஷம்தான் ஆகியிருந்தது. அதற்குள் அங்கிருந்து வந்த மக்காச்சோளமும் பூசணியும் கூரையேறிவிட்டன. அத்தை கழுத்தைப் பின்னால் சாய்த்து ஏலம் விட ஆரம்பித்தார். "மாதுளை. வெள்ளரி. திராட்சை. மக்காச்சோளம். அட, கத்தரிக்கா! நம்ம ஊர்க் கத்தரிக்கா இங்க எங்க வந்துது?" அரபுக்காரர்கள் வழியாக ஆசியாவிலிருந்து வந்தது என்றேன். அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

எனக்குத் தெரியும், ஆபத்து எங்கே இருக்கிறது என்று. பறந்துவரும் மெர்க்குரியின், அதாவது ரோமானியத் தேவர்களின் தூதுவனின், உயர்த்திய கைக்கு மேலே. வசாரியே மிகுந்த ரசனையோடு விவரித்திருக்கிறார். ஆகவே இருவரையும் தேவர்களின் கல்யாண விருந்துக்கு அடியிலேயே நிறுத்தி, அங்கே பாருங்கள், இங்கே பாருங்கள் என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தேன். மாமாவுக்கு விளக்கத் தாளைக் கொடுத்து அசையாமல் வைத்தாயிற்று. அத்தைக்கு விளக்கத் தாள் எதற்கு? கொடி போகிற வழியே போனார்.

மெர்க்குரிக்குக் கீழே போய் நின்றார். ஏலம் நின்றது.

"இங்க வா."

போனேன்.

"அது சுரைக்காதானே?"

"ஆமாம் அத்தை."

"சுரைக்கொடியில எங்கயாவது அடியில ரெண்டு கத்தரிக்கா காய்க்குமா? இத்தனை காயையும் பார்த்துப் பார்த்து வரைஞ்சவனுக்கு இது தெரியாதா?"

நான் வாயைத் திறக்கவில்லை. அத்தையின் பார்வை மெல்லச் சுரைக்காயின் நுனிக்குப் போனது. அங்கே பழுத்து வெடித்த ஒரு அத்திப்பழம். நுனி அதற்குள். முந்தானை வாய்க்குப் போனது. தோள் குலுங்கியது. திட்டப் போகிறார் என்று பார்த்தேன். "சண்டாளன்" என்றார், சிரிப்பு அடங்காமல். "போப்பைக் கூப்பிட்ட வீட்டுல!"

அதற்குள் மாமா தாளை மடித்துக்கொண்டு வந்தார். "அங்க என்ன விசேஷம்?"

"ஒண்ணுமில்லை, வெறும் காய்கறி. நீங்க போய் அந்தக் கல்யாணத்தைப் பாருங்க" என்று அத்தை அவரைத் திருப்பி அனுப்பினார். பிறகு என் காதில், "அந்தச் சுரைக்காயை நல்லா கிட்ட வரமாதிரி ஒரு போட்டோ எடு. என் தங்கச்சிக்கு மட்டும் அனுப்பணும்" என்றார்.

எடுத்து அவர் போனுக்கு அனுப்பினேன். தங்கச்சிக்குப் போக வேண்டியது குடும்ப வாட்ஸப் குழுவுக்குப் போய்விட்டது. அழிக்கத் தெரிவதற்குள் பத்துப் பேர் பார்த்தாயிற்று. பெரியத்தை கும்பிடும் கையைப் போட்டிருந்தார். யாரோ நல்ல விளைச்சல் என்று வாழ்த்தியிருந்தார்கள். தஞ்சாவூர்ச் சித்தப்பா மட்டும், நாட்டு ரகமா என்று கேட்டு, வரும்போது விதை கொண்டுவரச் சொல்லியிருந்தார்.