உல்கு

சுங்கத்துக்குப் பழந்தமிழில் 'உல்கு' என்று பேர். 'உல்கு பொருளும்' என்று குறளிலேயே (756) இருக்கு. பரிமேலழகர் உரை சுங்கம் என்றே பொருள் சொல்லுது. இது 'சுல்க' என்ற வடசொல்லோடு உறவுடையது என்பார் உண்டு. 'சுங்க'மும் அந்த வழியில் வந்ததுதான்.

எனக்குப் பிடிச்ச இடம் பெரும்பாணாற்றுப்படை. பலாப்பழம் மாதிரி மிளகுப் பொதிகளை ஏத்தி, முதுகெல்லாம் தழும்பேறிய கழுதைகள் 'உல்குடைப் பெருவழி'யில் வரிசையா நடக்கும். அன்னிக்கே டோல்கேட்!

பட்டினப்பாலையில் புகார்த் துறைமுகத்துச் சரக்குக்குப் புலி முத்திரை குத்தித்தான் வெளியே விடுவாங்க.

பிறகு வந்த முதலாம் குலோத்துங்கனுக்குச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்றே பட்டம். வணிகர்கள் எவ்வளவு நொந்திருந்தா அதைப் பட்டமாவே கொண்டாடியிருப்பாங்க!