அணைத்த பிறகும் எரிந்த எல்இடி பல்பு

மதுரையில் நாங்கள் வாடகைக்கு இருப்பது பழைய வீடு. ஹாலில் இருந்த 60 வாட்ஸ் குண்டு பல்பைக் கழற்றிவிட்டு 9 வாட்ஸ் எல்இடி மாட்டினோம். அன்று ராத்திரி ஸ்விட்சை அணைத்த பிறகும் அது மின்மினி மாதிரி மங்கலாக எரிந்துகொண்டே இருந்தது. வேறு கம்பெனி பல்பை மாட்டிப் பார்த்தேன், அதுவும் அப்படியே. கடைக்காரர், "எல்இடின்னா அப்படித்தான் சார், ஒண்ணும் ஆகாது" என்றார். அம்மாவுக்கு மனசு ஒப்பவில்லை. பக்கத்துத் தெருவில் இருக்கும் வயர்மேன் அண்ணனைக் கூப்பிட்டோம்.

அவர் வந்ததும் பல்பைப் பார்க்கவே இல்லை. நேராக ஹால் ஸ்விட்ச் போர்டில் இருந்த பிளக் பாயின்ட்டுக்குப் போனார். "மேலே இருக்கற பெரிய ஓட்டை எர்த். நேரா நின்னு பார்த்தா வலது கைப் பக்கம் ஃபேஸ் இருக்கணும், அதாவது கரண்ட் வர்ற வயர். இடது பக்கம் நியூட்ரல், அது திரும்பிப் போற வயர்" என்று சொல்லிக்கொண்டே டெஸ்டரை வைத்தார். வலது ஓட்டையில் எரியவில்லை, இடது ஓட்டையில் எரிந்தது. "போர்டுக்கு வர்ற லைனே மாறிக் கிடக்கு தம்பி."

அப்புறம்தான் ஏணி போட்டு ஏறினார். ஸ்விட்ச் அணைந்திருக்கிறது, பல்பு கழற்றியாகிவிட்டது. ஹோல்டருக்குள் இருக்கும் இரண்டு ஸ்பிரிங் பின்களில் டெஸ்டரைத் தொட்டார். ஒன்றில் பளிச்சென்று எரிந்தது. இத்தனை நாளாக "ஸ்விட்சை ஆஃப் பண்ணிட்டேன்" என்ற நம்பிக்கையில் ஸ்டூல் மேல் ஏறி நாங்கள் கை வைத்த ஹோல்டர் அது. 230 வோல்ட் அங்கேயேதான் இருந்திருக்கிறது.

விஷயம் இவ்வளவுதான். பல்புக்கு இரண்டு வயர் போகிறது, ஸ்விட்ச் அதில் ஒன்றைத்தான் துண்டிக்கிறது. எதைத் துண்டித்தாலும் பல்பு அணைந்துவிடும், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஃபேஸைத் துண்டித்தால் ஹோல்டரில் கரண்ட் இருக்காது. நியூட்ரலைத் துண்டித்தால் பல்பு மட்டும் அணையும், ஃபேஸ் ஹோல்டரிலேயே நிற்கும். அதே போர்டில் அயர்ன் பாக்ஸை மாட்டியிருந்தாலும் கதை அதுதான்: ஸ்விட்சை அணைத்த பிறகும் உள்ளே ஃபேஸ் இருக்கும்.

மங்கலான வெளிச்சம் எப்படி வந்தது என்றும் கேட்டேன். பல்பில் இருந்து ஸ்விட்ச் வரை இறங்கும் வயர் சுவருக்குள் மற்ற வயர்களை ஒட்டியே ஓடுகிறது. ஸ்விட்ச் அணைந்திருந்தாலும் அந்த நெருக்கத்தால் துளியளவு கரண்ட் பல்பு வழியாகக் கசியும். குண்டு பல்பின் இழையைச் சூடாக்க அது போதாது. எல்இடிக்குள் இருக்கும் கெப்பாசிட்டரோ அந்தத் துளியையும் சேர்த்து வைத்து மினுக்கிவிடுகிறது. ஆக, கோளாறு முன்பே இருந்தது. எல்இடி வந்து காட்டிக்கொடுத்தது, நல்லதாகப் போயிற்று.

மெயினை அணைத்துவிட்டு ஜங்ஷன் பாக்ஸைத் திறந்தார். சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த் என்று பழைய வயர் ஒழுங்காகத்தான் வந்திருந்தது. அங்கிருந்து ஹாலுக்கு யாரோ பின்னால் இழுத்த வயர் இரண்டும் ஒரே மஞ்சள் நிறம்! இணைத்தவர் எதை எதோடு முறுக்கினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. இரண்டையும் மாற்றி முறுக்கி, டேப் சுற்றி, நுனிகளில் சிவப்பும் கறுப்புமாக அடையாளம் போட்டார். ஹால் பல்பு அன்றோடு முழுசாக அணைந்தது.

மாடிப்படி பல்பும் லேசாக மினுக்கும் என்று அம்மா சொன்னார். கீழே ஒன்று, மேலே ஒன்று என்று டூவே ஸ்விட்ச் போட்ட பல்பு அது. அங்கேயும் டெஸ்டர் சன்னமாக எரிந்தது, ஆனால் அண்ணன் அதை நம்பவில்லை. பையில் இருந்து டெஸ்ட் லாம்ப்பை எடுத்தார்: ஒரு ஹோல்டர், அதில் குண்டு பல்பு, இரண்டு நீள வயர். ஒரு முனையை நியூட்ரலிலும் மறுமுனையை அந்தப் பின்னிலும் வைத்தார், பல்பு எரியவே இல்லை. டூவே ஸ்விட்சுகளுக்கு நடுவே இரண்டு வயர் ஒரே பைப்பில் சேர்ந்து ஓடுவதால், ஒன்றில் ஃபேஸ் நின்றால் பக்கத்து வயரிலும் அதன் சாயல் விழுகிறது. நிஜ லோடு கொடுத்ததும் அது காணாமல் போகிறது. இங்கே வயரிங் சரி என்று அப்படியே விட்டுவிட்டார். சிவப்பு இண்டிகேட்டர் உள்ள ஸ்விட்சும் இப்படி எல்இடியை மினுக்க வைக்குமாம். டெஸ்டரை மட்டும் நம்பி ஒரு முடிவுக்கு வரக் கூடாது என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது.

வாட்ஸ் பற்றியும் பேச்சு வந்தது. "ஒம்போது வாட்ஸ் எப்படிப்பா அறுபதுக்கு ஈடாகும்?" என்று அம்மா கேட்டார். வாட்ஸ் என்பது பல்பு தின்னும் மின்சக்தி. வெளிச்சத்தின் கணக்கு அட்டையில் லூமென் என்று போட்டிருக்கும். 60 வாட்ஸ் குண்டு பல்பு சுமார் 700 லூமென் தரும், பெரும்பகுதி சூடாகவே போய்விடும். 9 வாட்ஸ் எல்இடியில் 900 வரை வருகிறது. தினம் 5 மணி நேரம் எரித்தால், இரண்டு மாத பில்லில் குண்டு பல்புக்கு 18 யூனிட், எல்இடிக்கு 3 யூனிட்கூட இல்லை. சொல்லப்போனால், பழைய ஜீரோ வாட்ஸ் பல்பே கிட்டத்தட்ட 15 வாட்ஸ் இழுக்கும்.

அதே கணக்கைத்தான் சமையலறையிலும் போட்டோம். வாட்ஸை 230 வோல்ட்டால் வகுத்தால் ஆம்ப்ஸ், அதாவது வயரில் ஓடும் கரண்டின் அளவு. 9 வாட்ஸ் பல்புக்கு 0.04 ஆம்ப்ஸ், ஒன்றுமே இல்லை. நாங்கள் வாங்கி வைத்திருந்த 2000 வாட்ஸ் இண்டக்‌ஷன் அடுப்புக்கோ கிட்டத்தட்ட 8.7 ஆம்ப்ஸ். அதை 6 ஆம்ப்ஸ் பிளக்கில் மாட்டவே கூடாது என்று அண்ணன் கறாராகச் சொல்லிவிட்டார். லைட்டுக்கு ஓடும் 1.5 ஸ்கொயர் எம்எம் வயரோடு அதைச் சேர்க்காமல், மெயினில் இருந்து தனியாக 4 ஸ்கொயர் எம்எம் வயர் இழுத்து, 16 ஆம்ப்ஸ் பிளக்கும் ஸ்விட்சும் போட்டுக்கொடுத்தார்.

வீட்டு ஓனரிடம் ஹால் ஹோல்டர் விஷயத்தைச் சொன்னதும் ஆடிப்போய்விட்டார். மெயினில் 30 மில்லி ஆம்ப்ஸ் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் தானாகவே லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச், போடும் செலவை அவரே ஏற்றுக்கொண்டார். அது வேலை செய்கிறதா என்று பார்க்க, 'டி' என்று போட்ட ஒரு சின்ன டெஸ்ட் பட்டன் அதில் இருக்கிறது. மாதம் ஒரு தடவை அம்மாவே அதை அழுத்திப் பார்க்கிறார். டக்கென்று லீவர் விழுந்ததும் மறுபடி மேலே தூக்கிவிடுகிறார்.