எலெக்டிவ் எந்த மாசம் போறதுங்கற கணக்கு

அமெரிக்கால ரெசிடென்சிக்கு, அதாவது நம்ம ஊர் பிஜி மாதிரி டிகிரிக்கு அப்புறம் ஆஸ்பத்திரில பண்ற ட்ரெயினிங்குக்கு, அப்ளை பண்ற ஸ்டூடன்ட்ஸ், தாங்க சேர ஆசைப்படற ஆஸ்பத்திரிக்கே முன்கூட்டி போய் ஒரு நாலு வாரம் வேலை செஞ்சு காட்டுவாங்க, அதுக்கு பேரு ஆடிஷன் ரொட்டேஷன். அங்க படிக்கற ஃபைனல் இயர் பசங்க இத பெரும்பாலும் ஜூலைலேர்ந்து அக்டோபருக்குள்ள முடிச்சிடுவாங்க. ஏன்னா ஈராஸ்ங்கற ஆன்லைன் அப்ளிகேஷன் சிஸ்டம்ல அப்ளிகேஷன் போடறது செப்டம்பர், அந்த மாசக் கடைசில ரெசிடென்சி நடத்தற ப்ரோக்ராம்காரங்க ஃபைல திறந்து பாக்க ஆரம்பிச்சிடுவாங்க, அதுக்குள்ள நம்ம வேலைய பாத்த டாக்டர் எழுதற சிபாரிசு லெட்டர் உள்ள இருக்கணும்.

நம்ம ஊர்ல எம்பிபிஎஸ் படிச்சவங்களுக்கு கணக்கு வேற. டிகிரி கைக்கு வந்துட்டா பல இடத்துல அப்சர்வர்ஷிப்தான், ஓரமா நின்னு பாக்கலாம், பேஷன்ட்ட தொடக்கூடாது. அதனால காலேஜ்ல இருக்கும்போதே, இல்ல சிஆர்ஆர்ஐ, அதாவது படிப்பு முடிஞ்சு பண்ற ஹவுஸ் சர்ஜன் வருஷத்துலயே எலெக்டிவ் போயிடணும், ஸ்டூடன்ட்டா பேஷன்ட்ட பாக்கற இந்த மாதிரி ரொட்டேஷனுக்குத்தான் அந்த பேரு. சிஆர்ஆர்ஐல இருக்கறவங்கள சில ஆஸ்பத்திரிதான் ஸ்டூடன்ட்டா ஏத்துக்கும். சிஆர்ஆர்ஐல அனுமதிச்ச லீவுக்கு மேல போற நாளுக்கெல்லாம் கடைசில எக்ஸ்டென்ஷன் செய்யணும். ஜூலைலேர்ந்து அக்டோபர் வரைக்கும் அவங்க ஊர் பசங்களுக்குத்தான் முதல் இடம், நான் எத்தனையோ மெயில் போட்டு எனக்கு கிடைச்சது 2023 ஜனவரியும் பிப்ரவரியும். ஜனவரில ஒரு பெரிய யுனிவர்சிட்டி ஆஸ்பத்திரி, மனசுக்குள்ள அதுதான் கனவு, பிப்ரவரில ஒரு சின்ன கம்யூனிட்டி ஆஸ்பத்திரி. ரெண்டுமே இன்டர்னல் மெடிசின், நம்ம ஊர் ஜெனரல் மெடிசின் மாதிரி.

அந்த வரிசை தப்புன்னு முதல் நாள் ரவுண்ட்ஸ்லயே தெரிஞ்சுடுச்சு. ஹார்ட் ஃபெயிலியர் பேஷன்ட் ஒருத்தர், நான் நம்ம வார்டுல சொல்ற மாதிரியே எப்பலேர்ந்து மூச்சு வாங்குது, ஃபேமிலி ஹிஸ்டரி, அப்புறம் பேலர் (வெளுப்பு) இல்ல இக்டெரஸ் (மஞ்சள்) இல்ல சயனோசிஸ் (நீலம் பாய்றது) இல்லன்னு ஒண்ணு விடாம சொல்லிக்கிட்டே போறேன், ஏழெட்டு நிமிஷம் ஆயிருக்கும், அட்டெண்டிங், அதாவது டீமுக்கு பொறுப்பான பெரிய டாக்டர், பொறுமையா கேட்டுட்டு "சரி, இன்னிக்கு இவருக்கு என்ன பண்ணலாம்னு நினைக்கறீங்க"ன்னு கேட்டாரு. எங்கிட்ட பதில் இல்ல. அங்க அவங்களுக்கு வேண்டியது ஒரே வரில பேஷன்ட் யாரு, நேத்து ராத்திரி என்ன ஆச்சு, இன்னிக்கு ப்ளான் என்ன, அவ்ளோதான். அதோட கம்ப்யூட்டர்ல நோட்ஸ் போடறதும் ஆர்டர் எங்க இருக்குன்னு தேடறதும் பழகறதுக்குள்ள ரெண்டு வாரம் போயிடுச்சு. மூணாவது வாரம்தான் வாய் திறந்து ப்ளான் சொல்ல ஆரம்பிச்சேன், நாலாவது வாரத்துல அட்டெண்டிங் மாறிட்டாரு. அங்க டாக்டருங்க ஒரு வாரம் ரெண்டு வாரம்னு மாறி மாறி வார்டு பாப்பாங்க, என்னோட மோசமான ரெண்டு வாரத்த பாத்தவரு ஒருத்தர், தேறின பிறகு பாத்தவரு இன்னொருத்தர்.

பிப்ரவரில நிலைமை வேற. பேசற விதம் பிடிபட்டிருந்துது, அங்க இருந்த இன்டர்ன்ஸும், அதாவது ஜூலைல சேர்ந்த முதல் வருஷ ரெசிடென்ட்ஸும், ஏழு மாசம் வேலை பாத்து நிதானமா இருந்தாங்க, சொல்லித்தர நேரம் இருந்துது. ஒரு நாள் காலைல ஒரு பாட்டிக்கு வெயிட் ராத்திரிக்குள்ள மூணு கிலோ ஏறியிருக்குன்னு சிஸ்டம்ல இருந்துது, உடம்புல தேங்கற தண்ணிய வெளியேத்தற லேசிக்ஸ் மருந்தோட டோஸ ஏத்தலாம்னு பேச்சு. எனக்கு நம்ப முடியல, கால்ல வீக்கம் நேத்து இருந்தத விட கம்மியா இருந்துது, நல்லா படுத்து தூங்கினேன்னு பாட்டியே சொல்றாங்க. நர்ஸ் அக்காகிட்ட கேட்டா, முந்தின நாள் நிக்க வச்சு எடுத்தது, இன்னிக்கு பெட்லயே எடுத்தது, பெட்டுல போர்வை தலகாணி எல்லாம் சேர்ந்து இருக்கு. ரெண்டு பேருமா பாட்டிய கைத்தாங்கலா நிக்க வச்சு மறுபடி எடுத்தோம், நேத்தைவிட அரை கிலோ கம்மி. ரவுண்ட்ஸ்ல அத சொன்னேன், டோஸ் ஏத்தல.

லெட்டர் கதைக்கு வரேன், நிறைய பேரு கவனிக்காம விடற இடம் இதுதான். ரெண்டு இடத்துலயும் கடைசி வெள்ளிக்கிழமை கேட்டேன், ரெண்டு பேரும் கண்டிப்பா எழுதறேன்னாங்க. ஆனா லெட்டர அப்லோட் பண்ண ஈராஸ்லேர்ந்து நாமதான் ரிக்வெஸ்ட் ஃபார்ம் எடுத்து அனுப்பணும், அந்த சீசனுக்கான ஈராஸ் ஜூன்லதான் திறக்கும். நடுவுல நாலஞ்சு மாசம். ஜூன்ல மெயில் போட்டா பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் அங்கேர்ந்தே போயிட்டாரு, பழைய மெயிலுக்கு மூணு தடவ எழுதியும் பதில் வரல. எத்தனையோ ராத்திரி அத நினைச்சு தூக்கம் இல்லாம இருந்திருக்கேன். சின்ன ஆஸ்பத்திரி டாக்டருக்கு எழுதும்போது, தினமும் ஒரு நோட்டுல பேரு இல்லாம குறிச்சு வச்சிருந்தத பாத்து, நாம சேர்ந்து பாத்த நாலு கேஸ ரெண்டு ரெண்டு வரில எழுதி அனுப்பினேன், அதுல பாட்டி வெயிட்டும் ஒண்ணு. ரெண்டே நாள்ல பதில் வந்துது, ஜூலைல லெட்டர் ஏறிடுச்சு.

லெட்டர நாம பாக்க மாட்டோம், பாக்கற உரிமைய விட்டுக்கொடுத்துதான் எல்லாரும் கேப்போம். நவம்பர்ல வேற ஒரு ப்ரோக்ராம் இன்டர்வ்யூ, நம்ம ஊர்ல ராத்திரி, எடுத்தவரு நேரா "அந்த வெயிட் மறுபடி எடுத்த கதைய சொல்லுங்க"ன்னு ஆரம்பிச்சாரு. எனக்கு கண்ணு கலங்கிடுச்சு. மார்ச்ல மேட்ச், அதாவது யாருக்கு எந்த இடம்னு முடிவு வந்தப்ப, எனக்கு கிடைச்சதும் அந்த ப்ரோக்ராம்தான், நான் ஆடிஷன் பண்ண ரெண்டு இடமும் இல்ல.

அதனால இன்டர்னல் மெடிசின் போறவங்க ஆடிஷன சீட்டுக்காகன்னு நினைக்காதீங்க, லெட்டருக்காகன்னு நினைங்க. ஆர்த்தோ, எமர்ஜென்சி மாதிரி டிபார்ட்மென்ட்னா வேற, அங்க நேர்ல போய் வேலை செஞ்சு காட்டாம இடம் கிடைக்கறது ரொம்ப கஷ்டம், எமர்ஜென்சிக்கு ரொட்டேஷன்லேர்ந்து வர லெட்டருக்கே தனி ஃபார்ம் இருக்கு. 2022 ஜனவரிலேர்ந்து அமெரிக்க லைசன்ஸ் பரீட்சைல முதல் கட்டமான ஸ்டெப் 1க்கு மார்க்கும் கிடையாது, பாஸ் ஃபெயில்தான், மத்த விஷயங்களுக்கு கனம் கூடிடுச்சு. ரெண்டு மாசம் கிடைச்சா ஆசைப்படற இடத்த ரெண்டாவதா வைங்க. முடிஞ்சா ஏப்ரல் மே பாருங்க, ஜூன்ல மெயில் போடும்போது உங்க முகம் அவங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஜூலை கிடைச்சா விடாதீங்க, ஆனா அப்ப இன்டர்ன்ஸே புதுசு, அவங்களே வழி தேடிக்கிட்டு இருப்பாங்க, உங்களுக்கு சொல்லித்தர ஆளு கம்மி.

இப்ப நான் ரெசிடென்சில செகண்ட் இயர். ஆகஸ்ட்ல எங்க டீமுக்கு ஒரு ஸ்டூடன்ட் வந்திருந்தாரு, நல்லா வேலை பாத்தாரு, ஆனா அட்டெண்டிங் ஞாயித்துக்கிழமையோட மாறறாருன்னு அவருக்கு தெரியாது. வெள்ளிக்கிழமை மத்தியானம் நோட்ஸ்லாம் நான் பாத்துக்கறேன், நீங்க முதல்ல போய் லெட்டர் கேட்டுட்டு வாங்கன்னு அனுப்பி வச்சேன்.