தனுஷ்கோடியில் மாமாவுக்கு எள்ளும் தண்ணீரும்

அம்மாவின் மூத்த அண்ணன் தனுஷ்கோடி ரயில் நிலையத்தில் போர்ட்டராக இருந்தார். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலுக்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை, உடலும் கிடைக்கவில்லை. அம்மாவுக்கு அப்போது விவரம் தெரிந்தும் தெரியாத வயது. அமாவாசைக்கு அமாவாசை அவரையும் சேர்த்துத்தான் வீட்டில் கும்பிடுவோம். ஆனாலும் அவர் போன இடத்துக்கே போய் எள்ளும் தண்ணீரும் இறைக்க வேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் ஆசை. இந்த முறை அந்தத் தேதியிலேயே போனோம்.

முதலில் தனுஷ்கோடியில் சேது ஸ்நானம், அப்புறம் ராமேஸ்வரம் என்பது பழைய முறை. காசிக்குப் போனவர்களுக்கும் இங்கே வந்தால்தான் யாத்திரை நிறைவு. முன்பெல்லாம் வேனில் மணலில் குலுங்கிக்கொண்டு போக வேண்டும்; 2017 முதல் அரிச்சல்முனை வரை நல்ல சாலை. ஒரு பக்கம் மகோததி என்கிற வங்கக் கடல், மறுபக்கம் ரத்னாகரம் என்கிற இந்துமாக்கடல். முனையில் நீரோட்டம் இழுக்கும் என்பதால் இறங்காமல், தலையில் தெளித்துக்கொண்டு திரும்பினோம்.

இடிந்த ரயில் நிலையத்தின் அருகே அம்மா வெகுநேரம் நின்றார். போட் மெயில் ரயிலில் வந்தவர்கள் கப்பலேறி இலங்கையின் தலைமன்னாருக்குப் போன துறை இது. அன்று நள்ளிரவை ஒட்டிப் பாம்பனிலிருந்து கிளம்பிய பாசஞ்சர் ரயில், நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு, தனுஷ்கோடியை நெருங்கும் நேரத்தில் அலையில் போய்விட்டது. யாரும் பிழைக்கவில்லை. பாம்பன் பாலத்தைத் தாங்கிய இரும்பு கர்டர்களில் 126 போயின. பாலத்தை 46 நாளில் சரிசெய்துவிட்டார்கள். ஊரை மட்டும் வாழத் தகுதியற்றது என்று அறிவித்துவிட்டார்கள்.

"எங்க அண்ணன் அந்த வண்டிக்காகத்தான் நின்னுக்கிட்டு இருந்திருக்கும்" என்றார் அம்மா. எனக்குப் பதில் வரவில்லை.

வழியில் கோதண்டராமர் கோயில். விபீஷணன் சரணடைந்த தலம். அந்தப் புயலிலும் கோயில் நின்றது. "ராமர் தன் வீட்டைக் காப்பாத்திக்கிட்டார் பாருங்க" என்று பக்கத்தில் ஒருவர் பக்தியோடுதான் சொன்னார். அப்படிப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. எதிரியின் தம்பியையே ஏற்றுக்கொண்டவன், அந்த ராத்திரி கூப்பிட்டவர்களையா விட்டிருப்பான்? அவர்களை எந்தக் கரையில் சேர்த்தான் என்பதுதான் நமக்குத் தெரியாது.

அக்னி தீர்த்தக் கரையில் தர்ப்பணம். மாமாவின் பெயர் சொல்லி இறைத்தபோது அம்மாவின் உதடும் கூடவே அசைந்தது. முடிவில் ஒரு மந்திரம் உண்டு: தாய், தந்தை, உற்றார் என யாருமே இல்லாதவர்களும் இந்த நீரால் திருப்தி அடையட்டும் என்று. எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அன்றுதான் யாருக்காகச் சொல்கிறேன் என்று தெரிந்து சொன்னேன். அந்த ரயிலில் குடும்பமாக வந்தவர்கள் இருந்திருப்பார்கள். குடும்பத்தோடு போனவர்களுக்கு யார் தண்ணீர் இறைப்பது? புரோகிதரிடம் கேட்டு, அதை மட்டும் இன்னொரு முறை சொல்லி இறைத்தேன்.

இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடி, ஈரம் மாற்றி, ராமநாதசுவாமி சன்னதிக்குப் போனோம். அந்த வண்டியில் சேது யாத்திரைக்கென்று வந்தவர்களும் இருந்திருக்கலாம். தரிசனம் கிடைக்காமல் போனவர்கள். அவர்களுக்கும் சேர்த்தே சுவாமியைப் பார்த்தேன். அம்மா வாய்விட்டே கும்பிட்டார்: "எங்க அண்ணனையும் அந்த வண்டியில வந்தவுகளையும் உன் காலடியில வச்சுக்கய்யா."