இடது காது: ஒரு துணிக்கடை ஊழியனின் நாட்குறிப்பு

ஆகஸ்ட் 23, 2025, சனி

ஓணம் சீசன். மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கத்திலிருந்தெல்லாம் கசவுச் சேலைக்குக் கூட்டம். மதியம் மூன்று மணிக்குக் கொஞ்சம் ஓய்ந்ததும் ஸ்டூலில் உட்கார்ந்தேன். மேனேஜர் வந்தார். "இது என்ன லேய், ஒன் வீட்டுத் திண்ணையா?" என்றார். "கஸ்டமர் யாரும் இல்லையே சார்" என்று முடிக்கும் முன் கன்னத்தோடு சேர்த்துக் காதில் அறை. கொய்ங் என்ற சத்தம் மட்டும்தான் கேட்டது. சேலை மடித்துக்கொண்டிருந்தவர்கள் மடித்துக்கொண்டே இருந்தார்கள். பில்லிங் அக்கா மட்டும் எழுந்து நின்றார்.

அந்த ஸ்டூல் ஒன்றும் கடைக்காரர் தயவில் வந்ததல்ல. 2021இல் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவைச் சேர்த்து ஊழியர் உட்கார இருக்கை போட வேண்டும் என்று கட்டாயமாக்கியதால் வந்தது. போட்டுவிட்டார்கள். உட்காரத்தான் கூடாது.

அத்தான் நேராக ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரிக்கு வண்டியை விட்டார். "வழுக்கி விழுந்தேன்னு சொல்லிராத மக்கா, உள்ளதச் சொல்லு" என்றார். சொன்னேன். 'தெரிந்த நபர் ஒருவர் கையால் தாக்கியதாகக் கூறுகிறார்' என்று நேரம், இடத்தோடு விபத்துப் பதிவேட்டில் எழுதினார்கள். ஏ.ஆர். காப்பி என்பார்களே, அது இதுதான். செவிப்பறையில் சின்ன ஓட்டை. பெரும்பாலும் சில வாரத்தில் தானாக மூடிவிடுமாம். தண்ணீர் படக் கூடாது, எதையும் ஊற்றக் கூடாது. வீட்டுக்கு வந்தால் அம்மா பூண்டு போட்டு எண்ணெய் காய்ச்சி வைத்திருக்கிறார்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஸ்டேஷனுக்குப் போனோம். "கையடிதானே, பேசி முடிச்சுக்கிடுங்க" என்றார் அங்கிருந்தவர். அத்தான் நகரவில்லை. கடைசியில் சி.எஸ்.ஆர். ரசீது தந்தார்கள். இது எஃப்.ஐ.ஆர். இல்லை, மனு வாங்கியதற்கு அடையாளம், அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 25, திங்கள்

காலையிலேயே கடையிலிருந்து போன். ஒரு பேப்பரில் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சம்பளப் பாக்கியை வாங்கிக்கொண்டு போகலாமாம். என்ன பேப்பர் என்று கேட்டேன். சும்மா ஒரு பேப்பர்.

போகவில்லை. ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தக்க காரணமில்லாமல், ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ தராமல் நீக்க முடியாது. இருக்கை போடச் சொன்ன அதே கடைகள் சட்டத்தின் 41ஆம் பிரிவு. நீக்கினால் மேல்முறையீட்டுக்கும் வழி இருக்கிறது. நானே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டால் அந்தக் கதவை நானே சாத்தியதாக ஆகிவிடும். சொல்லாமல் நின்றுவிட்டான் என்றும் எழுதக் கூடாதே. மருத்துவச் சான்றோடு லீவு லெட்டர் அனுப்பினேன். முதலாளிக்குத் தனியாக ஒரு கடிதம்: நடந்தது இது, அன்றைய கேமராப் பதிவை அழிக்காமல் வையுங்கள். சில வாரம் போனால் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். இரண்டையும் பதிவுத் தபாலில், ஒப்புதல் அட்டையோடு அனுப்பினேன். வாட்ஸ்அப்பில் நீலக் கோடு விழுந்தாலும் பார்க்கவில்லை என்று சாதிக்கிற ஆட்கள்.

ஆகஸ்ட் 28, வியாழன்

நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனோம். வருமானம் குறைவு என்பதால் வக்கீல் இலவசம். போக முடியாதவர்கள் 15100க்குப் போன் செய்யலாம்.

ஸ்டேஷனில் ஏன் இழுத்தார்கள் என்பது அங்கேதான் விளங்கியது. சாதாரணக் காயம், ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 115(2)இல் வருகிறது. ஓராண்டு வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் இதைப் புலன்விசாரணை செய்ய முடியாது. கொடுங்காயம் என்றால் கதை வேறு: 117(2), ஏழாண்டு வரை. ஒரு காதின் கேள்வித்திறன் நிரந்தரமாகப் போனால் கொடுங்காயம். பதினைந்து நாள் கடும் வலியில் கிடந்தாலும், அன்றாட வேலை செய்ய முடியாமல் போனாலும் கொடுங்காயம். பழைய ஐ.பி.சி.யில் இது இருபது நாள். "டாக்டர் சீட்டு ஒண்ணையும் தொலைக்காதீங்க" என்றார் வக்கீல். ரேஷன் கார்டு இருக்கும் பையிலேயே வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 3, புதன்

எஸ்.பி. அலுவலகத்தில் மனு. ஸ்டேஷனில் வழக்குப் பதிய மறுத்தால் எழுத்தில் எஸ்.பி.க்கு அனுப்பலாம், அங்கேயும் நடக்கவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம் என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 173(4). ஏ.ஆர். காப்பி, சி.எஸ்.ஆர்., தபால் ரசீது எல்லாவற்றுக்கும் நகல் வைத்தேன்.

செப்டம்பர் 5, வெள்ளி, திருவோணம்

அடைப்பிரதமன் அடுப்பில் இருக்கும்போது கடை ஆள் ஒருத்தர் வந்தார், கூடவே ஊர்ப் பெரியவர் ஒருவரும். கவரை மேசையில் வைத்து, "பிள்ளைகுட்டிக்காரன், மன்னிச்சு விடு" என்றார் பெரியவர். எனக்கும் இரண்டு பிள்ளைகள். பெரியவருக்குப் பிரதமன் கொடுத்தோம், கவரைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். சமாதானத்துக்கு நான் எதிரி இல்லை. சாதாரணக் காயத்தில் அடிபட்டவனே இணங்கி முடித்துக்கொள்ளலாம், கொடுங்காயம் என்றால் கோர்ட் அனுமதியோடு. அதற்கு முதலில் வழக்கு என்று ஒன்று இருக்க வேண்டுமே. அடித்தவர் வரவும் இல்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

எஃப்.ஐ.ஆர். போட்டாயிற்று. நகல் இலவசம், கேட்டு வாங்கினேன். ஓட்டை சுருங்கியிருக்கிறது, ஆனால் போனை இன்னும் வலது காதில்தான் வைக்கிறேன்.

பில்லிங் அக்கா சாட்சி சொல்கிறேன் என்கிறார். அவர் கேட்டது ஒன்றுதான்: "ஸ்டேஷனுக்குப் போனா அன்னைக்குச் சம்பளத்தப் பிடிப்பாங்களே?" நான் தருகிறேன் என்று சொல்ல முடியாது, சாட்சிக்குக் காசு கொடுத்ததாகிவிடும். வக்கீலிடம் கேட்டேன். பெண் சாட்சியை ஸ்டேஷனுக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது, அவர் குடியிருக்கும் இடத்துக்குத்தான் போலீஸ் போக வேண்டும், பி.என்.எஸ்.எஸ். 179ஆம் பிரிவு என்றார். அக்காவிடம் சொன்னேன்.

"அப்போ ஞாயித்துக்கிழம வரச் சொல்லு. மத்த நாள் கடை பூட்டவே ஒம்பதர ஆவும்" என்றார்.